எல்லைக்கு அப்பால் போகும் வழக்கு: சர்வதேசக் குற்றப் பிரிவில் மூத்த அரசு வழக்கறிஞருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விசாரணை அதிகாரி ஒருவர் கனத்த கோப்புடன் வந்து எதிரே உட்காருகிறார். குற்றம் நடந்தது உள்நாட்டில். குற்றம் சாட்டப்பட்டவர் இருப்பது வேறொரு நாட்டில். பணம் போய்ச் சேர்ந்தது மூன்றாவது நாட்டின் வங்கியில். மின்னஞ்சல்கள் கிடப்பதோ நான்காவது நாட்டின் சர்வரில். "சார், நாளைக்கே அவர்களுக்கு எழுதிவிடலாமா?" என்று கேட்கிறார். சர்வதேசக் குற்றப் பிரிவில் உட்காரும் அரசு வழக்கறிஞர் இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை.

போலீசின் அதிகாரம் எல்லைக் கோட்டில் நின்றுவிடுகிறது. நம் நீதிமன்ற உத்தரவும் அங்கேயே நின்றுவிடுகிறது. அதைத் தாண்டிப் போவது நாம் எழுதும் கோரிக்கை ஒன்றுதான். அதைப் படிக்கப்போகிறவர் நம்மை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு நீதிபதி, அல்லது ஓர் அதிகாரி. நமக்கு அவர் எந்த வகையிலும் கடமைப்பட்டவர் இல்லை. அவருடைய சட்டம் அனுமதித்தால் செய்வார், இல்லையென்றால் கோப்பை மூடி வைத்துவிடுவார். ஆகவே நம் வழக்கை அந்த மனிதரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கப் பழகுவதுதான் இந்த வேலையின் அடிப்படை. குற்றவியல் நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் வாதாடிவிட்டு இந்தப் பிரிவுக்கு வருகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வாதத் திறமை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இங்கே தேவைப்படுவது வேறு பழக்கங்கள்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

செய்தித்தாள்கள் 'நாடு கடத்தல்' என்ற ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு காரியங்களுக்குப் பயன்படுத்துகின்றன. விசா முடிந்தும் தங்கியிருப்பவரை ஒரு நாடு தன் குடியேற்றச் சட்டப்படி வெளியே அனுப்புவது நாடு கடத்தல். இன்னொரு நாடு கேட்டதன் பேரில், வழக்கைச் சந்திக்கவோ தண்டனையை அனுபவிக்கவோ ஒருவரைக் கையளிப்பது ஒப்படைப்பு. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திடம் ஒருவரை அனுப்புவது மூன்றாவது வகை. அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சட்டத்தின் 102-வது பிரிவு அதற்கும் ஒப்படைப்புக்கும் தனித்தனி விளக்கமே தருகிறது.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டளவில் முக்கியமானது என்று நினைத்துவிடாதீர்கள். ஒப்படைப்பு வழக்கு இழுத்துக்கொண்டே போகும்போது யாராவது ஒருவர் வந்து, "விசாவை ரத்து செய்து விமானத்தில் ஏற்றிவிடச் சொல்லுங்களேன்" என்று யோசனை சொல்வார். சொல்பவர் பெரிய பதவியில் இருப்பவராகவும் இருக்கலாம். அவருக்கு பென்னெட் வழக்கை எடுத்துச் சொல்லுங்கள். ஒப்படைப்பு நடைமுறையைப் புறக்கணித்து, தென்னாப்பிரிக்காவிலிருந்து பென்னெட்டை வலுக்கட்டாயமாகப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அது உண்மையென்றால் வழக்கையே நிறுத்திவிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1993-ல் தீர்ப்பளித்தது. குறுக்கு வழியில் ஆளைக் கொண்டுவந்து சேர்த்த பிறகு வழக்கு கையை விட்டுப் போனால், அந்தக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களிடம் நாம் என்ன பதில் சொல்வது?

உங்களுக்குத் தேவை தகவலா, சாட்சியமா?

கோப்பைத் திறந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. ஒருவர் அந்த நாட்டில் இருக்கிறாரா, அந்த நிறுவனம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, இந்தத் தொலைபேசி எண் நடப்பில் உள்ளதா என்பவை தகவல்கள். இவற்றுக்கு முறையான கோரிக்கை தேவையில்லை. நிறுவனப் பதிவேடு, நிலப் பதிவேடு போன்றவை பல நாடுகளில் யாரும் பார்க்கக்கூடியவை. போலீஸ் தரப்பில் இன்டர்போலின் பாதுகாக்கப்பட்ட தகவல் வலையமைப்பு இருக்கிறது. பணப் பரிமாற்றத் தகவலுக்கு நிதி உளவுப் பிரிவுகள் உண்டு. 1995-ல் உருவான எக்மான்ட் குழு வழியாக அவை தங்களுக்குள் தகவல் பகிர்ந்துகொள்கின்றன. இந்த வழிகளில் சில நாட்களில் கிடைப்பதை, முறையான கோரிக்கை அனுப்பி மாதக் கணக்கில் காத்துக் கிடந்து வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் உளவுப் பிரிவு தந்த தகவலை அப்படியே நீதிமன்றத்தில் வைக்க முடியாது. அது பெரும்பாலும் 'புலனாய்வுக்கு மட்டும்' என்ற நிபந்தனையோடு வரும். அதை மீறி ஒரே ஒரு முறை குற்றப்பத்திரிகையில் சேர்த்துவிட்டால் போதும், அடுத்த முறை அந்தக் கதவு திறக்காது. நீதிமன்றத்தில் நிற்க வேண்டிய வங்கி ஆவணம், சத்தியப் பிரமாணத்தின் பேரில் வாக்குமூலம், சோதனை, முடக்கம் ஆகியவைதான் பரஸ்பர சட்ட உதவிக் கோரிக்கைக்கு உரியவை. சுருக்கமாகச் சொன்னால், தகவல் வழியில் தேடிக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததைச் சாட்சியமாகப் பெற முறைப்படி எழுதுங்கள்.

இங்கே ரெட் நோட்டீஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அது உலகளாவிய பிடிவாரண்ட் என்று பலர் எண்ணுகிறார்கள். தேடப்படுபவரைக் கண்டுபிடித்துப் பிடித்து வைக்கும்படி இன்டர்போலின் 196 உறுப்பு நாடுகளுக்கும் விடுக்கும் ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். அதைப் பார்த்துக் கைது செய்வதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி முடிவு செய்கிறது. அரசியல், இராணுவ, மத, இன அடிப்படையிலான விவகாரங்களில் இன்டர்போல் தலையிடுவதை அதன் அமைப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு தடை செய்கிறது. நோட்டீசில் பெயர் உள்ளவர் இன்டர்போலின் கோப்புக் கட்டுப்பாட்டு ஆணையத்திடம் முறையிட்டு அதை நீக்கச் செய்யவும் முடியும். வழக்கு முடிந்தாலோ, வாரண்ட் ரத்தானாலோ, நோட்டீசைத் திரும்பப் பெறுவது நம் கடமை. மறந்துவிட்ட ஒரு நோட்டீசுக்காக, விடுதலையான மனிதர் ஒருவர் தன் பிள்ளைகளின் கண் முன்னே ஏதோ ஒரு விமான நிலையத்தில் பிடித்து வைக்கப்படலாம். ஆண்டுக்கு இருமுறையாவது நம் பெயரில் உலவும் நோட்டீஸ்கள் அத்தனையையும் பட்டியலிட்டுச் சரிபாருங்கள்.

எந்த உடன்படிக்கையின் கீழ் கேட்கிறோம்?

இருதரப்பு உடன்படிக்கை இருந்தால் அதில் தொடங்குங்கள். இல்லையென்றால் பலதரப்பு உடன்படிக்கைகள் இருக்கின்றன. போதைப்பொருளுக்கு 1988-ன் வியன்னா உடன்படிக்கை. அமைப்பு ரீதியான குற்றங்களுக்கு 2000-ல் நிறைவேறிய பலேர்மோ உடன்படிக்கை. ஊழலுக்கு 2003-ன் ஐ.நா. உடன்படிக்கை. கணினிக் குற்றங்களுக்கு 2001-ன் புடாபெஸ்ட் உடன்படிக்கை. பலேர்மோவிலும் ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையிலும் 190-க்கும் மேற்பட்ட தரப்புகள் சேர்ந்திருப்பதால், 'உடன்படிக்கையே இல்லை' என்று கைவிரிக்க வேண்டிய நாடு இன்று அரிது. அப்படியும் எதுவும் பொருந்தவில்லையென்றால் 'நீங்கள் கேட்டால் நாங்களும் செய்வோம்' என்ற பரஸ்பர உறுதி இருக்கிறது.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பலேர்மோவைப் பெயருக்குக் குறிப்பிட்டுவிட்டு, அதன் நிபந்தனைகளைக் காட்டாமல் விட்டுவிடுவார்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்டோர் கொண்ட குழு, அதிகபட்சத் தண்டனை 4 ஆண்டுச் சிறையாகவோ அதற்கு மேலாகவோ உள்ள குற்றம், எல்லை தாண்டிய தன்மை என்பவற்றுக்கெல்லாம் உண்மைகளைச் சுட்ட வேண்டும். சட்ட உதவி கேட்கும் கட்டத்தில் நியாயமான சந்தேகம் போதும் என்று அதன் 18-வது பிரிவு சலுகை தருகிறது. அந்தச் சந்தேகத்துக்கான காரணத்தையாவது எழுதத்தானே வேண்டும்?

உடன்படிக்கையின் வாசகத்தோடு நிறுத்திவிடாமல், அந்த நாடு சேரும்போது செய்த அறிவிப்புகளையும் படியுங்கள். கோரிக்கையை எந்த மொழியில் ஏற்பார்கள், இத்தகைய கோரிக்கைகளைக் கையாள அந்த நாடு நியமித்த எந்த மைய அதிகார அமைப்புக்கு அனுப்ப வேண்டும், உடன்படிக்கையையே ஒப்படைப்புக்கு அடிப்படையாக ஏற்கிறார்களா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

கோரிக்கையை எழுதுவது

இந்த வழிகாட்டியிலேயே நான் அதிகம் நின்று பேச விரும்பும் இடம் இது.

பலேர்மோ உடன்படிக்கை ஒரு கோரிக்கையில் இருக்க வேண்டியவற்றைச் சொல்லியே விடுகிறது: கேட்கும் அமைப்பு எது, எந்த வழக்கு, உண்மைகளின் சுருக்கம், என்ன உதவி வேண்டும், எந்த முறையில் வேண்டும், சம்பந்தப்பட்டவர் யார், எங்கே இருக்கிறார், எதற்காகக் கேட்கிறோம். எல்லோரும் இவற்றை நிரப்பித்தான் அனுப்புகிறார்கள். ஆனாலும் பாதி கோரிக்கைகள் கேள்விக்குறியோடு திரும்பி வருகின்றன. ஏன் என்பதை ஒரு பத்தியைக் காட்டிச் சொல்கிறேன். கற்பனை வழக்குதான். ஆனால் இப்படிப்பட்ட பத்திகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருந்தன.

'குற்றம் சாட்டப்பட்டவர் பல போலி நிறுவனங்கள் மூலம் பெரும் தொகையை மோசடி செய்து தங்கள் நாட்டுக்கு மாற்றியிருப்பதாக நம்பகமான தகவல் கிடைத்துள்ளது. எனவே அவருடைய அனைத்து வங்கிக் கணக்குகளின் அனைத்து விவரங்களையும் அனுப்பி உதவ வேண்டுகிறோம்.'

இதைப் படிக்கும் அயல்நாட்டு நீதிபதியின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்த நிறுவனம்? எவ்வளவு தொகை? யார் சொன்ன தகவல்? தன் நாட்டு வங்கி வாடிக்கையாளர் ஒருவரின் அந்தரங்கத்தைத் திறக்க அவருக்குச் சட்டப்படி ஒரு காரணம் வேண்டும். நாம் அதைக் கொடுக்கவேயில்லை. 'அனைத்து' என்ற சொல் இரண்டு முறை வந்ததும், வலை வீசி மீன் தேடுகிறார்கள் என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுவார். அதே வழக்கை இப்படி எழுதலாம்:

'2021 மார்ச் 9 அன்று, அரசுக் கொள்முதல் பிரிவின் கணக்கிலிருந்து 'அ' நிறுவனத்துக்கு 4,10,000 டாலர் செலுத்தப்பட்டது. அந்தத் தொகைக்கு உரிய சரக்கு வந்து சேரவே இல்லை என்று கிடங்குப் பொறுப்பாளர் வாக்குமூலம் அளித்துள்ளார் (இணைப்பு 3, பக்கம் 14). மார்ச் 11 அன்று அதே தொகையில் 3,95,000 டாலர், தங்கள் நாட்டில் உள்ள 'ஆ' வங்கியின் கீழ்க்காணும் எண் கொண்ட கணக்குக்கு மாற்றப்பட்டது (இணைப்பு 5). மாற்ற உத்தரவில் கையெழுத்திட்டவர் குற்றம் சாட்டப்பட்டவரே. அந்தக் கணக்கின் உரிமையாளர் யார், பணம் பிறகு எங்கே சென்றது என்பதை நிறுவ, 2021 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரையிலான கணக்குத் தொடக்க ஆவணங்களும் பரிவர்த்தனை விவரங்களும் தேவைப்படுகின்றன.'

இரண்டாவது பத்தியில் ஒவ்வொரு வாக்கியமும் அடுத்ததற்குக் கை கொடுக்கிறது. கேட்ட பொருளுக்கும் குற்றத்துக்கும் உள்ள தொடர்பு கண் முன்னே நிற்கிறது. ஆறு மாதக் காலவரையறை, 'இவர்கள் யோசித்துத்தான் கேட்கிறார்கள்' என்ற நம்பிக்கையைத் தருகிறது. ஒரு நீதிபதியின் உத்தரவில் அப்படியே எடுத்துப் போடக்கூடியதாக உண்மைச் சுருக்கம் இருக்க வேண்டும் என்பதே நான் இளைய வழக்கறிஞர்களுக்கு வைக்கும் அளவுகோல்.

சாட்சியத்தின் வடிவத்தையும் நாம்தான் சொல்ல வேண்டும். சில நாடுகளில் சாட்சியை விசாரிப்பது நீதிபதி. அங்கே சாட்சி சொன்னதைச் சுருக்கி எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். நம் நீதிமன்றமோ கேள்வி பதிலாக, சத்தியப் பிரமாணத்தின் பேரில், குறுக்கு விசாரணையோடு எதிர்பார்க்கலாம். எது வேண்டுமோ அதையும், ஏன் வேண்டும் என்பதையும், வாங்க வேண்டிய உறுதிமொழியின் வாசகத்தையும் எழுதி அனுப்புங்கள். அவர்கள் சட்டத்துக்கு முரணாக இல்லாதவரை நாம் சொன்ன முறையைப் பின்பற்ற உடன்படிக்கை இடம் தருகிறது. காணொலி வழியாக விசாரிக்கவும் பலேர்மோ வழி செய்கிறது. வங்கி ஆவணத்துக்குச் சான்றளிக்கும் படிவம் தேவையென்றால் அதையும் இணைத்துவிடுங்கள். ஆவணங்கள் வந்து சேர்ந்த பிறகு சான்று இல்லாத குறை தெரியவந்தால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மொழிபெயர்ப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். சட்டச் சொல்லறிந்த மொழிபெயர்ப்பாளர் கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லது. தேதிகளை எண்களாக எழுதாமல் மாதத்தின் பெயரோடு எழுதுங்கள். இதை நான் அனுபவத்தில் கற்றேன். என் தொடக்க காலக் கோரிக்கை ஒன்றில் பிறந்த தேதியை 04/07 என்று எழுதியிருந்தேன். பெற்றுக்கொண்ட நாட்டில் அதை ஏப்ரல் 7 என்று படித்திருக்கிறார்கள். அப்படி ஒருவர் தங்கள் பதிவேட்டில் இல்லை என்ற பதில் பல மாதங்கள் கழித்து வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பெயரிலும் இதே கவனம் வேண்டும். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் வழக்கமே தெரியாதவர்களுக்கு, குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று விளக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லா இடத்திலும் பின்பற்றுங்கள்.

அனுப்புவதற்கு முன் வரைவை அந்த நாட்டு மைய அதிகார அமைப்புக்குக் காட்டிக் கருத்துக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் தீரும் சிக்கலைக் கடிதப் போக்குவரத்தில் தீர்க்க ஓராண்டு ஆகும்.

அழியக்கூடியதை முதலில் காப்பாற்றுங்கள்

கோரிக்கை எழுதி முடிக்கும்வரை மின்னணுத் தரவு காத்திருக்காது. நிறுவனங்கள் இணைப்புப் பதிவுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுகின்றன. புடாபெஸ்ட் உடன்படிக்கையின் 29-வது பிரிவின்படி, தரவை அழியாமல் பாதுகாக்கும்படி உடனடியாகக் கேட்கலாம். குறைந்தது 60 நாட்கள் அது பாதுகாக்கப்பட வேண்டும். அந்த இடைவெளியில் முறையான கோரிக்கையை அனுப்பிவிட வேண்டும். வாரத்தின் ஏழு நாளும் 24 மணி நேரமும் இயங்கும் தொடர்பு மையங்களை 35-வது பிரிவு ஏற்படுத்தியிருக்கிறது. நம் நாட்டுத் தொடர்பு மையத்தின் எண் ஒவ்வொரு விசாரணை அதிகாரியின் கைபேசியிலும் இருக்கிறதா என்று பாருங்கள். வங்கிப் பணத்துக்கும் இதே அவசரம்தான். முதலில் முடக்கம், பிறகு விவரம்.

ஒப்படைப்புக் கோரிக்கை: கடிகாரமும் வாக்குறுதியும்

ஆள் இருக்குமிடம் தெரிந்ததும் தற்காலிகக் கைதுக்கு ஆசை வரும். கைதான கணத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும் என்பதை மறக்கக் கூடாது. 1957-ன் ஐரோப்பிய ஒப்படைப்பு உடன்படிக்கைப்படி 18 நாட்களுக்குள் முழு ஆவணங்களும் போய்ச் சேராவிட்டால் விடுவித்துவிடலாம். 40 நாட்களைத் தாண்டி எந்த நிலையிலும் வைத்திருக்க முடியாது. ஆகவே மொழிபெயர்ப்பு உட்பட முழுக் கோப்பும் தயாரான பிறகே தற்காலிகக் கைதைக் கேளுங்கள். தப்பிவிடுவார் என்ற உண்மையான அச்சம் இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

அடுத்தது இரட்டைக் குற்றத்தன்மை. செயல் இரு நாட்டிலும் குற்றமாக இருக்க வேண்டும். குற்றத்தின் பெயர் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நம் பிரிவு எண்ணையும் தலைப்பையும் மட்டும் எழுதிவிட்டு, அவர்களே பொருத்திக்கொள்ளட்டும் என்று விடக் கூடாது. அவர் என்ன செய்தார் என்று எழுதினால்தான், அது தங்கள் சட்டத்தில் எந்தக் குற்றம் என்று அவர்களால் சொல்ல முடியும். ஒப்படைக்கப்பட்ட குற்றத்துக்கு மட்டுமே அவரை விசாரிக்கலாம் என்ற விதியும் உண்டு. பிறகு வேறு குற்றம் தெரியவந்தால் அந்த நாட்டின் சம்மதத்தை மறுபடி பெற வேண்டும். எனவே முதல் கோரிக்கையிலேயே எல்லாக் குற்றச்சாட்டுகளையும் சேர்த்துவிடுங்கள்.

இனி வாக்குறுதிகள். ஒப்படைப்பில் என்னை இரவு தூங்கவிடாத பகுதி இதுதான். அமெரிக்காவின் விர்ஜீனியாவில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, பிரிட்டனில் பிடிபட்டவர் சோரிங். 1989-ல் அவரது வழக்கில், மரண தண்டனைக்காகக் காத்துக் கிடக்கும் நிலையே மனிதத்தன்மையற்ற நடத்தையாகிவிடும் என்பதால், அவரை அங்கே அனுப்பினால் பிரிட்டன் மனித உரிமை உடன்படிக்கையை மீறியதாகும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரண தண்டனைக்குரிய குற்றச்சாட்டு சுமத்த மாட்டோம் என்று அமெரிக்கா உறுதி தந்த பிறகே அவர் ஒப்படைக்கப்பட்டார். சிறைச்சாலையின் நிலை இன்று அதே அளவுக்கு முக்கியமாகிவிட்டது. பலர் தங்கும் அறையில் ஒருவருக்கு 3 சதுர மீட்டருக்கும் குறைவான இடம் இருந்தாலே மனித உரிமை மீறல் என்று வலுவாக அனுமானிக்கலாம் என 2016-ல் முர்ஷிச் வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது.

ஆகவே 'அவர் எங்கள் சட்டப்படி நல்ல முறையில் நடத்தப்படுவார்' என்ற பொதுவான வாக்கியம் யாரையும் திருப்திப்படுத்தாது. எந்தச் சிறை, எந்த அறை, எத்தனை சதுர மீட்டர், சூரிய வெளிச்சம் வருமா, மருத்துவர் எப்போது வருவார் என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். அதற்குப் பதில் எழுதும் முன் அந்தச் சிறைக்கு நீங்களே போய் வாருங்கள். கையில் ஓர் அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள். கோப்பில் 12 சதுர மீட்டர் என்று எழுதியிருக்கும் அறையில் கழிப்பறைக்கு எவ்வளவு இடம் போகிறது, மீதி இடத்தை எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்பது நேரில் அளந்தால்தான் தெரியும்.

வாக்குறுதி தர அதிகாரம் உள்ளவர் யார் என்பதையும் முன்கூட்டியே உறுதி செய்யுங்கள். நீதிமன்றத்தின் சார்பில் அரசு வாக்களிக்க முடியாது. அரசு தன் அதிகாரத்துக்குள் என்ன செய்யும் என்பதை மட்டும் சொல்லலாம். மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேமின் வழக்கு இதற்கு நல்ல பாடம். மரண தண்டனை இல்லை, 25 ஆண்டுகளுக்கு மேல் சிறை இல்லை என்ற உறுதிமொழியின் பேரில் போர்ச்சுகல் அவரை 2005-ல் இந்தியாவிடம் ஒப்படைத்தது. பிறகு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2022-ல் உச்ச நீதிமன்றம், 25 ஆண்டுகள் முடிந்ததும் நாட்டின் வாக்கைக் காப்பாற்ற மத்திய அரசு நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்று சொன்னது. உறுதிமொழியில் கையெழுத்திட்டவர்கள் ஓய்வு பெற்ற பிறகும் அந்த வாக்கு உயிரோடு இருக்கும்.

சில நாடுகள் தங்கள் குடிமக்களை ஒப்படைப்பதே இல்லை. அப்போது அவர்களிடமே வழக்கு நடத்தும்படி கேட்கலாம். நம் மண்ணில் நடந்த குற்றத்தை வேறு நாடு விசாரிப்பதா என்று கௌரவம் பார்த்து ஆதாரங்களைக் கொடுக்காமல் விடுவது தவறு.

அவர்கள் நம்மிடம் கேட்கும்போது

வெளியிலிருந்து வரும் கோரிக்கைகள் அலுவலகத்தில் எப்போதும் கடைசி வரிசைக்குப் போய்விடுகின்றன. நம் கோரிக்கைக்கு நாம் எதிர்பார்க்கும் அக்கறையை அவற்றுக்குக் காட்டுங்கள். குறையிருந்தால் மறுப்பதற்கு முன் கேளுங்கள். மறுத்தால் காரணம் சொல்லுங்கள். இது மரியாதை மட்டும் இல்லை, சட்டக் கடமையும்கூட. ஜிபூட்டி அனுப்பிய கோரிக்கையை மறுத்தபோது உரிய காரணத்தைத் தெரிவிக்காததால், இருதரப்பு உடன்படிக்கையைப் பிரான்ஸ் மீறிவிட்டது என்று 2008-ல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்படைக்கவும் மாட்டோம், விசாரிக்கவும் மாட்டோம் என்று இருப்பதும் எல்லா நேரத்திலும் நடக்காது. செனகலில் தஞ்சம் புகுந்திருந்த, சாட் நாட்டின் முன்னாள் அதிபர் ஹிசேன் ஹப்ரே விவகாரத்தில், சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கைப்படி அவரை ஒப்படைக்காவிட்டால் தாமதமின்றி வழக்குத் தொடர வேண்டும் என்று 2012-ல் செனகலுக்கு அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. 2016-ல் டக்கார் நகரில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் அதற்காகக் காத்திருந்தது கால் நூற்றாண்டுக்கும் மேல்.

வரும் கோரிக்கைகள் எல்லாமே நேர்மையானவை இல்லை. பத்திரிகையாளரையோ எதிர்க்கட்சிக்காரரையோ துரத்த மோசடி வழக்கின் வேடம் போட்டு வருபவையும் உண்டு. உண்மைச் சுருக்கம் மெலிந்தும், வேகம் மட்டும் மிகுந்தும் இருந்தால் நிதானியுங்கள். சித்திரவதை நடக்கும் என்று நம்ப வலுவான காரணம் இருந்தால் அனுப்பவே கூடாது. எந்த உடன்படிக்கையும் அதற்கு விலக்குத் தராது.

அயல்நாட்டவர் ஒருவர் நம் நாட்டில் கைதானால், தன் தூதரகத்துடன் தொடர்புகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்பதைத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். தூதரக உறவுகள் பற்றிய 1963-ன் வியன்னா உடன்படிக்கையின் 36-வது பிரிவு அது. அதைச் சொல்லத் தவறியதற்காக அவேனா வழக்கில் 51 மெக்சிகோ நாட்டவர் விஷயத்தில் அமெரிக்கா உடன்படிக்கையை மீறியதாக 2004-ல் சர்வதேச நீதிமன்றம் முடிவு செய்தது. காவல் நிலையக் கைதுப் படிவத்திலேயே இதற்கொரு கட்டத்தைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது.

பணம்

குற்றவாளி கிடைத்தும் பணம் கிடைக்காத வழக்குகள் ஏராளம். தேடுதல், முடக்குதல், பறிமுதல், திரும்பப் பெறுதல் என்று நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தனி ஆதாரம் தேவை. முடக்க உத்தரவு வாங்கிய மகிழ்ச்சியில் பறிமுதல் வழக்கைத் தள்ளிப்போட்டால், காலக்கெடு முடிந்து முடக்கம் விலகிவிடும். ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையின் 5-வது அத்தியாயம் சொத்து மீட்பை அதன் அடிப்படைக் கோட்பாடு என்றே சொல்கிறது. நைஜீரியாவின் முன்னாள் இராணுவ ஆட்சியாளர் சானி அபாச்சாவின் குடும்பத்தின் பணத்தில் சுமார் 32 கோடி டாலரை உலக வங்கியின் கண்காணிப்போடு திருப்பித்தர சுவிட்சர்லாந்து 2017-ல் ஒப்பந்தம் செய்தது. அபாச்சா இறந்தது 1998-ல். இந்தக் கால இடைவெளியை அமைச்சர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் முதல் ஆண்டு முடிவிலேயே 'இன்னும் வரவில்லையா?' என்று கேட்பார்கள்.

மூத்தவராக இருப்பது

சட்டம் தெரிந்திருப்பது பாதி வேலை. மீதி, மறுக்கத் தெரிவது. பலவீனமான கோரிக்கையை அனுப்பாமல் நிறுத்தி வைக்கும்போது விசாரணை அதிகாரி கோபப்படுவார். நிறுத்தியே வையுங்கள். ஒரு மோசமான கோரிக்கை, அதே நாட்டுக்குப் பின்னால் போகும் பத்து நல்ல கோரிக்கைகளின் மதிப்பையும் கெடுத்துவிடும். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆவணம் வெளிநாட்டிலிருந்து வந்தால் அதை எதிர்த் தரப்புக்குக் கொடுத்தாக வேண்டும். ரகசிய நிபந்தனை தடுக்கிறதென்றால், அனுப்பிய நாட்டிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுக் கொடுங்கள். பலேர்மோவே இதற்கு வழி வைத்திருக்கிறது.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு பதிவேடு வேண்டும். அனுப்பிய நாள், பெற்றதாக ஒப்புதல் வந்த நாள், யாரிடம் இருக்கிறது, அடுத்து எப்போது விசாரிக்க வேண்டும், அந்த நாட்டில் நம்மோடு பேசும் அதிகாரியின் பெயர் ஆகியவை அதில் இருக்கட்டும். வழக்கு முடிந்தால் அவர்களுக்கு முடிவைத் தெரிவியுங்கள். 'நாங்கள் அனுப்பிய ஆவணத்தால் என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை' என்பதே இந்தத் துறையில் நான் எங்கும் கேட்ட குறை. 'நீங்கள் அனுப்பிய வங்கி ஆவணத்தை நீதிமன்றம் ஏற்றது, தண்டனை உறுதியானது, நன்றி' என்ற மூன்று வரிக் கடிதம் அந்த அதிகாரியின் சுவரில் ஒட்டப்பட்டிருப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கையளிக்கும் நாளும் அதற்குப் பிறகும்

ஆளை அழைத்துவரும் நாளில் வழக்கறிஞருக்கு வேலை குறைவு. ஒப்படைப்பு உத்தரவு, பயண ஆவணம், மருத்துவச் சான்று, வழியில் வேறு நாட்டில் விமானம் மாறினால் அந்த நாட்டின் அனுமதி, கையெழுத்திட வேண்டிய படிவம் ஆகியவை சரியாக இருந்தால் போதும். கைப்பற்றிய பொருட்கள் தனிப் பட்டியலோடு வர வேண்டும்.

விமானம் இறங்கியதும் ஒப்படைப்புக் கோப்பை ஆவண அறைக்கு அனுப்பச் சொல்வார்கள். அனுப்ப வேண்டாம். உறுதிமொழிகளைத் தனிக் கோப்பாகப் பிரித்து, அவரை ஏற்கும் சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒரு நகல், வழக்கை நடத்தும் அரசு வழக்கறிஞருக்கு ஒரு நகல், ஒப்படைத்த நாட்டின் தூதரகத்துக்கு ஒரு நகல் அனுப்புங்கள். தூதரக அதிகாரி சிறைக்கு வந்து பார்க்கும் நாட்களைக் குறித்து வையுங்கள். வேறு சிறைக்கு மாற்றும் உத்தரவு உங்கள் ஒப்புதல் இல்லாமல் பிறக்காதபடி சிறைத்துறையிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். தண்டனை முடியும் தேதியை, அது எத்தனை ஆண்டுகள் கழித்து வந்தாலும், அலுவலக நாட்காட்டியில் இன்றே ஏற்றிவிடுங்கள். அந்த நாளில் உங்கள் நாற்காலியில் வேறொருவர் இருப்பார். அவருக்காக, கோப்பின் முதல் பக்கத்தில் நாம் என்ன வாக்களித்தோம், யாருக்கு, யார் கையெழுத்தில் என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.